உம்மா ஏன் சஹனில் அமரவில்லை

காக்கா, இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சொல்வது உம்மா, எழுதுவது உங்கள் தங்கச்சி நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட தன்னுடைய கையெழுத்தில் இவ்வளவையும் எழுத ஏலாது என்கிறார். குரல் பதிவாக அனுப்பலாமே என்று கேட்டேன். "உன்ட காக்கா சோறு தின்னக்குள்ள போனை மேசையில வெச்சி எல்லாருக்கும் கேக்கப் போடுவான். அது வேணா புள்ள" என்றார். ஆகவே இனி 'நான்' என்று வரும் இடமெல்லாம் உம்மா. நான் குறுக்கே ஏதாவது சொன்னால் அடைப்புக்குறிக்குள் சொல்வேன். யாருடைய பெயரும் எழுதக் கூடாது என்பது அவருடைய கட்டளை. நீங்கள் வாசித்துச் சம்மதித்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் இதை வாசிக்கட்டுமாம்.

மகன், நீ கடைசியாக மருதமுனைக்கு வந்த வெள்ளிக்கிழமையில் இருந்து தொடங்குகிறேன். ஜும்ஆ தொழுதுவிட்டு நேரே இங்கே வந்தாய். பால் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். அதைத் தொடாமல் என் பாஸ்போட்டைக் கேட்டாய். நீ, உன் மனைவி, அவளுடைய உம்மா, நான், நாலு பேரும் ஒன்றாக உம்றாவுக்குப் போக ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோசம். நான் "எனக்கு ஏலா மகன்" என்றேன். ஏன் என்று கேட்டாய். நான் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் கேட்டாய். மறுபடியும் துடைத்தேன். அப்போது நீ எழும்பி நின்று சொன்னதை நான் ஒரு சொல் மறக்கவில்லை. "ஊருக்கெல்லாம் நீங்க பெரிய நோன்பாளி. மக்காவுக்குக் கூப்பிட்டா மட்டும் வரமாட்டீங்க. ஏனெண்டா என்ட பொஞ்சாதியும் அவட உம்மாவும் வாறாங்க. கலியாணத்தண்டு அவங்கட சஹன் சோத்துல கை வைக்காமப் போன நீங்கதானே. இந்தப் பயணத்துக்கும் நீங்க வராட்டி, இனி இந்த வாசலுக்கு நான் வரமாட்டன்." மோட்டார் சைக்கிள் சத்தம் சந்திவரைக்கும் கேட்டது. நீ விட்டுப் போன தேத்தண்ணியில் ஆடை படிந்து, அது சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நீ வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வருகிறார், வாசலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். பயணத் திகதி நெருங்குகிறது என்று தெரியும். நான் வராமல் நீங்கள் மூவரும் போய்விட்டால், திரும்பி வந்த பிறகும் நீ எனக்கு வேறு ஊர்ப் பிள்ளையாகத்தான் இருப்பாய். அதனால் வாயால் சொல்ல முடியாததை எழுத்தால் சொல்கிறேன். மகன், எனக்குச் சிறுநீர் தங்குவதில்லை.

(காக்கா, இந்த ஒரு வரியைச் சொல்வதற்கு முன் உம்மா யன்னலைச் சாத்தினார், கொடியில் காயாத துணியை எடுத்து மடித்தார், பிறகு என்னைப் பாராமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "எழுதிட்டியா?" என்றார். "ஓம்" என்றேன். "அப்ப இனி வெட்டேலாது" என்றார்.)

உன் தங்கச்சி பிறந்ததில் இருந்து இது. அவள் பிறக்கும்போதே நிறை கூடிய பிள்ளை, பேற்று வலியும் நீண்டது. அதற்குப் பிறகு இருமினால், தும்மினால், வாளியைத் தூக்கினால், வாய்விட்டுச் சிரித்தால் கொஞ்சம் கசியும். எல்லா நேரமும் இல்லை. எப்போது என்று தெரியாது, அதுதான் கொடுமை. பிள்ளை பெற்றவர்களுக்கு இது வழமை என்று நானே முடிவு செய்துகொண்டேன். நான் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் எத்தனை பேர் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருந்தார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வாப்பா உடுத்திப் பழசான சாரன்களைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். கறுப்பும் கடும் நீலமும் தவிர வேறு நிறம் உடுப்பதை விட்டேன். அது வயதுக்கேற்ற அடக்கம் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள்.

தொழுகையில் தலையை நிலத்தில் வைக்கிற சுஜூதில் இருந்து எழும்பும்போது வரும். தொழுகைக்கு முன் கை கால் கழுவி எடுத்த வுழூ முறிந்துவிடும். துணி மாற்றி, கழுவி, மறுபடி வுழூ எடுத்து, மறுபடி தக்பீர் கட்டித் தொழத் தொடங்குவேன். மறுபடி முறியும். நீ சின்னவனாக இருந்தபோது கூட்டாளிகளிடம் "எங்கட உம்மா லுஹர் தொழ நிண்டா பின்னேரம் அஸர்வரைக்கும் முசல்லாப் பாயிலதான்" என்று பெருமையாகச் சொல்வாய். நான் அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறேன். நான் அவ்வளவு நேரமும் தொழவில்லை மகன். மறுபடி மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த நோன்பைச் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்காவிட்டால் கசிவு குறையும் என்று கண்டுபிடித்தேன். ஆனால் ஒரு வீட்டுக்குப் போய், தரும் தேத்தண்ணியைக் குடிக்காமல் எப்படி இருப்பது? நோன்பு என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கத் தொடங்கினேன். கலியாணப் பேச்சு, பள்ளிக்கூடக் கூட்டம், மவுத்தான மையித்து இருக்கிற சாவு வீடு, எதற்குப் போனாலும் அந்த நாட்களில் போவேன். மனதில் நிய்யத்து வைக்கும்போது அல்லாஹ்வுக்காக என்றுதான் வைத்தேன். அதற்குள்ளே இன்னொன்று ஒளிந்திருந்தது அவனுக்குத் தெரியும். அடுத்த வீட்டு மச்சி வேலிக்கு மேலால் எட்டி "நோன்பாளிட துஆ கபூலாகும், என்ட மகள்ட பள்ளிக்கூடச் சோதனைக்கும் ஒருக்காக் கேளுங்க" என்பாள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். இருந்தாலும் அவளுடைய மகளுக்காகக் கேட்டேன். அவள் நன்றாகத்தான் சித்தியடைந்தாள்.

(உம்மா இந்த இடத்தில் சிரித்தார். சிரித்துவிட்டு உடனே அசையாமல் இருந்தார். உம்மா எப்போது சிரித்தாலும் அதற்குப் பிறகு ஒரு கணம் கல்லாகிவிடுவார். நான் அதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று இந்த வருடம்தான் எனக்கு விளங்கியது.)

உன் கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. அன்று நோன்பு என்று சொல்ல வழியில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறான், உம்மாவே மகனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறாள். அப்படிக் கொண்டுபோய் விடுகிறவள் பெண் வீட்டுச் சோற்றில் கை வைக்காவிட்டால் மகனை மனதோடு கொடுக்கவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? விடியற்கால சுபஹில் இருந்து ஒரு மிடறும் குடிக்கவில்லை. நீ வாங்கித் தந்த சந்தன நிறச் சாரியை உடுத்தினேன். மகன் ஆசையாக எடுத்தது, எப்படி மறுப்பது? அட்டாளைச்சேனையில், பெண் வீட்டு வாசலில், பெண்ணின் உம்மா, உன் மாமி, சர்பத்துக் கிளாசை என் வாயிலேயே வைத்துவிட்டார். குடித்தேன். இன்னொன்றும் தந்தார். அதையும் குடித்தேன். பிறகு எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு "சம்பந்தி, தந்த மகனத் திருப்பிக் கேக்கப்படாது. குறட்டை விட்டா மட்டும் நாங்களே கொண்டுவந்து விட்டிருவம்" என்றார். நான் சும்மா இருந்தேனா? "குறட்டை அவன்ட வாப்பாட முதுசச் சொத்துகா, அதையும் சேத்துத்தான் தந்த" என்றேன். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், பல காலத்துக்குப் பிறகு வாய்விட்டு.

அந்தச் சிரிப்பில்தான் நடந்தது. முன்பு ஒருநாளும் அவ்வளவு வந்ததில்லை. எனக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடுகிற சஹன் தட்டை மூடி வைத்திருந்தார்கள். உன் மனைவி, அன்றைய மணமகள், தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, பக்கத்துத் துணியைக் கையால் தட்டி "மாமி, இதுல இரிங்க" என்றாள். அவள் என்னிடம் கதைத்த முதல் கதை அது. அந்த வெள்ளைத் துணியில் நான் எப்படி இருப்பேன் மகன்? இருந்துவிட்டு எப்படி எழும்புவேன்? திரும்பி அடுப்படிக்குள்ளால் நடந்தேன். பானை கழுவிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் "தலை சுத்துது" என்று சொல்லிவிட்டு வெளியே நின்ற ஓட்டோவில் ஏறினேன். உன் மாமி வாசல்வரை ஓடிவந்து "சம்பந்தி, சம்பந்தி" என்று கூப்பிட்டது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எனக்காகச் சஹனைத் திறக்காமல் எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்று நீதான் பிறகு சொன்னாய். நீ அதைச் சொன்னபோதும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். குற்றத்தை ஏற்றுக்கொள்வது, காரணத்தைச் சொல்வதைவிட லேசாக இருந்தது.

நீ தேத்தண்ணியை விட்டுப் போன அந்த வெள்ளிக்கிழமைக்குப் பல மாதம் முன்பே உன் தங்கச்சி என்னைப் பிடித்துவிட்டாள். நூலகத்துப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின் கொடியடிக்கு வந்து நின்றாள். "உம்மா, இந்தச் சாரன் துண்டெல்லாம் எதுக்கு எண்டு எனக்குத் தெரியும். உங்கட வருத்தத்துக்கு ஒரு பேர் இரிக்கி. பேர் இரிந்தா வைத்தியமும் இரிக்கும்." அடிக்கக் கை ஓங்கினேன். அவள் நகரவில்லை. அடுத்த கிழமை கல்முனையில் ஒரு பெண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள், நான் அவளைக் கூட்டிக்கொண்டு போவது போல.

டொக்டர் "எவ்வளவு காலமா?" என்று கேட்டார். நான் இவளைக் காட்டி "இவட வயசு" என்றேன். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு "மகள் இப்ப எத்தினையாம் வகுப்பு?" என்றார். "பத்து" என்றாள். பிறகு பரிசோதித்துவிட்டு விளங்கப்படுத்தினார். சலப்பை என்கிற சிறுநீர்ப் பையைக் கீழே இருந்து தாங்குகிற தசைகள் பிள்ளைப்பேற்றில் தளர்ந்துவிட்டன, இருமும்போதும் சிரிக்கும்போதும் வயிறு அழுத்துவதை அவை தாங்குவதில்லை. நோன்புக் கதையைச் சொன்னேன். "தண்ணி குடிக்காம விட்டா நிண்டிரும் எண்டு நினைச்சீங்களா? சலம் தடிச்சா பை இன்னும் கோவிக்கும். நோன்பு பிடிங்க, அது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும். ஆனா மத்த நாளையில தண்ணியக் குடிங்க." முதல் வைத்தியம் பயிற்சி என்றார். சலத்தை அடக்குவது போல அந்தத் தசைகளை உள்ளே இழுத்துப் பிடித்து விடுவது, ஒவ்வொரு நாளும், மாதக்கணக்கில். ரொட்டி சுடும்போது செய்வேன். இவள் வாசலில் நின்று "உம்மா, பிடிக்கிறீங்களா?" என்பாள். "பிடிச்சித்தான் இரிக்கன், நீ தீயுற ரொட்டியப் பாரு" என்பேன்.

பயிற்சி வீண் போகவில்லை. இப்போது தும்மலுக்குப் பயமில்லை. ஆனால் சுஜூதும் சிரிப்பும் இன்னும் என் கையில் இல்லை. இந்த நிலையில்தான் நீ உம்றா என்று வந்து நின்றாய். எனக்கு அவசரம் பிடித்தது. போனில் லேசர் சிகிச்சை பற்றி ஒரு விளம்பரம் வந்தது, ஒரே நாளில் எல்லாம் சரி என்று. அதை டொக்டரிடம் காட்டினேன். "இந்த விளம்பரத்துல சிரிக்கிற பொம்புளைக்கு உங்கட வருத்தம் இல்ல" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். வெட்டுவதில்லை, தைப்பதில்லை. பெண்ணுறுப்பின் உள்சுவருக்கு லேசர் கதிரால் அளவான சூடு கொடுப்பார்கள், அந்தச் சூட்டில் அந்த இடம் இறுகி, சலக்குழாய்க்குக் கொஞ்சம் தாங்கல் கிடைக்கலாம். "சிலருக்குச் சுகம் கிடைக்கிது, சிலருக்கு ஒண்டுமில்ல. எவ்வளவு காலம் நிக்கும் எண்டு இன்னும் உறுதியாச் சொல்லேலா. ஒருதரத்துல முடியிற வேலையும் இல்ல. ஒப்பரேசனும் இரிக்கி, அதையும் யோசிங்க. இதுதான் ஒரே வழி எண்டு யாரும் சொன்னா நம்பாதீங்க." எனக்கு முன்னால் இருந்தது பயணத் திகதி மட்டும்தான். அவர் என்னைக் கொழும்பில் ஒரு பெண் நிபுணரிடம் அனுப்பினார். அங்கேயும் பரிசோதித்து, அதையே சொல்லி, அதற்குப் பிறகுதான் நாள் தந்தார்கள்.

முதல்முறை கொழும்புக்குப் போகுமுன் வாப்பாவிடம் சொன்ன அன்று வீடு இரண்டுபட்டது. லேசர் என்றதும் அவருக்குப் பயம் வந்தது, பயம் கோபமாக வெளியே வந்தது. அதைவிட இந்தக் கடிதத்துக்குத்தான் அதிகம் கத்தினார். "ஆம்பிளப் புள்ளைக்கு இதெல்லாம் எழுதுறதா? அதுவும் இந்தச் சின்னப் புள்ளையக் கொண்டு?" நான் சொன்னேன், "அவனையும் நான்தான் பெத்த, இவளையும் நான்தான் பெத்த. பெத்ததாலதான் இது வந்த. இவங்களுக்குத் தெரியப்படாட்டி வேற யாருக்குத் தெரிய?" அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அடுத்த நாள் காலையில், முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே, "கொழும்புக்கு எந்த பஸ்ல சீட் போட?" என்று கேட்டார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். லேசர் பலித்தால் வருவது, பலிக்காவிட்டால் உன் கோபத்தை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவது என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். கஃபாவைத் தவாப் சுற்றும்போது வுழூ முறிந்தால் என்ன செய்வது, அத்தனை பேருக்கு நடுவில்? நித்திரை இல்லாமல் கிடந்தேன். கடைசியில் பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் கேட்டேன். அவர் என்னைவிட எவ்வளவோ இளையவர். "விலகிப் போய்ச் சுத்தம் செஞ்சி, வுழூ எடுத்திட்டு வந்து, விட்ட இடத்துல இருந்து சுத்துங்க உம்மா. அல்லாஹ்ட வீட்டுக்கு வாறவங்க எல்லாரும் உடம்போடதானே வாறாங்க" என்றார். இத்தனை வருடமும் நான் கேட்டிருந்தால் இத்தனை வருடமும் இதே பதில்தான் வந்திருக்கும்.

ஆகவே மகன், நான் வருகிறேன். லேசர் பலித்தாலும் வருகிறேன், பலிக்காவிட்டாலும் வருகிறேன். ஒரு பையில் மாற்றுத் துணி கொண்டு வருவேன், அதை நீ தூக்கு. தவாபுக்கு நடுவில் உன் கையை விட்டு நான் விலகினால், எங்கே போறீங்க என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்காதே. விட்ட இடத்தை மட்டும் நினைவில் வைத்திரு. உன் மாமியிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் சொல்வேன். அவரும் பிள்ளை பெற்றவர்தான், என்னைவிட அவருக்குச் சொல்ல அதிகம் இருக்கக்கூடும். உன் மனைவிக்குப் பிள்ளை பிறந்தால், நாள் கழிந்து அவள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாளா, தண்ணீரைக் குறைத்துக்கொண்டாளா என்று கவனி. பெருமைப்படாதே. கேள். நீ கேட்காவிட்டால் அவளும் என்னைப் போல நோன்பாளியாகிவிடுவாள்.

காக்கா, இனி எழுதுவது நான் மட்டும்தான். மேலே உள்ள தாள்களை நேற்று உம்மாவின் சம்மதத்தோடு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் வாசித்ததற்கான நீல அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. இன்று வியாழக்கிழமை. கொழும்பில், சிகிச்சை அறைக்கு வெளியே கிடக்கிற வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். உம்மா இன்று நோன்பு பிடிக்கவில்லை. உள்ளே போகும் முன் தாதி ஒரு தாளை வாசித்துக் காட்டி, பலன் உறுதியில்லை என்று விளங்கியதா என்று கேட்டார். "விளங்கிட்டு மகள்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். எழுத்துக்கூட்டித் தன் முழுப் பெயரையும் எழுதினார். பிறகு தன்னுடைய மோதிரத்தையும் போனையும் என் கையில் தந்துவிட்டு "பதில் வந்தா?" என்று கேட்டார். "இல்ல உம்மா." கதவு சாத்தப்பட்டது.

கதவுக்கு மேலே மங்கல் கண்ணாடி இருக்கிறது. அதில் வெளிச்சம் தெரிகிறது. வாப்பா வாங்கில் இருக்கவில்லை. யன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நடக்கிறார். "உள்ளுக்குச் சத்தமில்லையே" என்கிறார். "லேசருக்குச் சத்தமில்ல வாப்பா." "உனக்கு எல்லாம் தெரியும்" என்று கடிந்துவிட்டு, என் பக்கத்தில் வந்து இருந்து, இந்தத் தாளை எட்டிப் பார்க்கிறார். "அவன் வாசிச்சானா?" "வாசிச்சார்." "என்ன சொன்னான்?" நான் போனைக் காட்டினேன். அவர் அந்த நீல அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனைக் கவிழ்த்து என் மடியில் வைத்தார்.

கதவு திறந்தது. உம்மா மெதுவாக நடந்து வந்தார், தாதியின் கையைப் பிடிக்காமல். "வலிச்சா?" என்றேன். "சூடு மாதிரி. உன்னப் பெத்த மாதிரி இல்ல." வாப்பா சிரித்துவிட்டார். உம்மாவும் சிரித்தார், வழமைபோல ஒரு கணம் அசையாமல் நின்றார். இன்னும் பல தரம் வரவேண்டும், பலன் தெரிய நாளாகும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், பயிற்சியையும் விடக் கூடாதாம். மறுபடியும் "பதில் வந்தா?" என்று கேட்டார். "வரல்ல உம்மா." "சரி. வராட்டியும் உம்மா வருவா எண்டு எழுது." எழுதிவிட்டேன் காக்கா. பிறகு என் பையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, வாங்கில் நிமிர்ந்து இருந்து, வாப்பாவும் நானும் பார்த்திருக்க, அடிவரைக்கும் குடித்தார். வியாழக்கிழமை பகலில் உம்மா தண்ணீர் குடித்ததை ரமழான் அல்லாத மாதங்களிலும் நான் இதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் எழும்பும்போது தாதி அறையை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். கதவுக்கு மேலே இருந்த கண்ணாடி இருண்டது. விளக்கை அணைத்துவிட்டார்கள்.